பத்துக்குக் கீழே வந்த வரிகள்

இதை நம்பச் சொல்லி நான் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. மருத்துவமனைச் சீட்டும் அன்றைய ரிப்போர்ட்டின் அச்சுப்பிரதியும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன. நேரங்களை அவற்றைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நானும் என் மனைவியும் ஒரே தொழில். கடைக்காரர்களின் இணையதளங்களைத் தேடுபொறியில் முன்னால் கொண்டுவருவோம். மக்கள் தேடும் கட்டத்தில் என்ன தட்டுகிறார்கள் என்று பார்த்து, அதற்குப் பதில் சொல்லும் பக்கங்களை எழுதுவோம். கீவேர்டு என்று நாங்கள் சொல்லும் அந்த வரிகளை நான் எண்ணுவேன். அவள் படிப்பாள்.

"இதைத் தட்டினது யாரு? எங்க நின்னு தட்டினாங்க? அந்த நேரம் அவங்க வீட்ல என்ன ஆச்சு?" ஒவ்வொரு வரிக்கும் இதைக் கேட்டுவிட்டுத்தான் எழுத உட்காருவாள்.

பத்துப் பேருக்குக் குறைவாகத் தேடிய வரிகளை நான் மொத்தமாக நீக்கிவிடுவேன். அதில்தான் எங்களுக்குச் சண்டை.

"ஏன், ஒருத்தர் தேடினா அது ஆளு இல்லையா?"

"ஒருத்தருக்கு ஒரு பக்கம்னு எழுதினா நாம தலையில துண்டு போட்டுக்க வேண்டியதுதான்."

"உங்களைக் கட்டிக்கிட்டவகூட ஒருத்திதான். என்னையும் நீக்கிடுங்க."

அவள் தேடும் விதமே தனி. எல்லோரும் இரண்டு சொல் தட்டினால், அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்பதுபோல முழு வாக்கியமாகத் தட்டுவாள். கடைசியில் 'சொல்லேன்' என்று முடிப்பாள். மெஷினிடம் என்ன கெஞ்சல் என்று கிண்டல் செய்வேன்.

ஒரு வியாழக்கிழமை விடியற்காலை, அடுப்பைப் பற்றவைக்கப் போனவள் அங்கேயே விழுந்தாள். இதயம். வயது முப்பத்தொன்பது.

வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் எங்கள் அலுவலகத்தில் அவள் மேசையை அப்படியே விட்டுவைத்தேன். நானும் பன்னிரண்டு வயது மகளும் மிஞ்சினோம்.

அதற்குப் பிறகு ஒன்பதாவது மாதம் இது நடந்தது. வெள்ளிக்கிழமை. காலை 8.10க்குக் கெய்சர் கடைக்காரர் போன் செய்தார். அவருடைய தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன்.

"சார், உங்க புண்ணியத்துல கடையில போன் ஓயவே இல்ல. ஒரு கேஸ் கெய்சர் அனுப்புறேன். வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க."

"எதுக்குங்க இதெல்லாம்?"

"நேத்து படுக்கப் போறப்பதான் தோணுச்சு. நம்ம பாப்பா வெந்நீர்ல குளிக்கட்டுமே."

11.30க்குள் ஆள் வந்து மாட்டிவிட்டுப் போனான். புகைக்குழாயை நாளை போடுவதாகச் சொன்னான். நானும் தலையாட்டினேன்.

மாலை 5.20க்கு மகள் வீட்டிலிருந்து பேசினாள்.

"அப்பா, புதுக் கெய்சர் சூப்பர். நான் குளிக்கப் போறேன். சீக்கிரம் வா."

"ஒரே ஒரு ரிப்போர்ட்டும்மா. ஆறு மணிக்கு வீட்ல இருப்பேன்."

அந்த ரிப்போர்ட்டைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதைத் தட்டி அந்தத் தளத்துக்கு வந்தார்கள் என்று தேடுபொறி தரும் பட்டியல் அது. அன்றன்றைய தேடலைக் காட்டாது. இரண்டு நாள் பின்தங்கியே வரும். வெள்ளிக்கிழமை திறந்தால், புதன்கிழமை தேடியதுதான் தெரியும்.

5.38. கெய்சர் கடையின் ரிப்போர்ட்டைத் திறந்தேன். வழக்கம்போலப் பத்துக்குக் கீழே இருந்தவற்றை நீக்கினேன்.

5.41. ஒரு வரி மட்டும் போகவில்லை.

'புது கேஸ் கெய்சர் போட்டா தலை சுத்துமா சொல்லேன்.' தேடியவர்: 1.

கை அப்படியே நின்றது. பிறகு என்னையே கடிந்துகொண்டேன். சொல்லேன் என்ற சொல் அவள் ஒருத்திக்கா சொந்தம்? அந்த வரியைத் தனியாகப் பிடித்து நீக்கினேன். பக்கத்தைப் புதுப்பித்தேன்.

அது திரும்ப வந்திருந்தது. அதன் கீழே இன்னொன்று.

'குளிக்கறப்ப பாடுற பொண்ணு பாட்டை ஏன் நிறுத்திட்டா சொல்லேன்.' தேடியவர்: 1.

என் மகள் குளிக்கும்போது பாடுவாள். கீழ்வீட்டு டெய்லரம்மா தினமும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும். க்ரிக்… க்ரிக்… க்ரிக்…

என் மனைவி கேட்பதுபோல நானும் கேட்டுப் பார்த்தேன். இதைத் தட்டியது யார்? எங்கே நின்று?

குளியலறைக் கதவுக்கு வெளியே. கதவில் காதை வைத்துக்கொண்டு. உள்ளே பாட்டு நின்றதைக் கேட்டவர்… ஆனால் கதவைத் தட்ட முடியாதவர்…

5.44. மகளுக்குப் போன் செய்தேன். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது…

திரையில் மூன்றாவது வரி.

'பச்சைக் கதவோட உள்கொக்கியை வெளியிலிருந்து எப்படித் தூக்கறது சொல்லேன்.'

எங்கள் குளியலறைக் கதவு பச்சை.

அந்தக் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். பூட்டுக்காரர் ஒருவரின் தளத்துக்கு அவளே எழுதியது. ஸ்டீல் ஸ்கேலைக் கதவுக்கும் நிலைக்கும் நடுவே விட்டு மேலே தூக்க வேண்டும்.

அவள் மேசைப் பக்கம் திரும்பினேன். ஒன்பது மாதமாக இழுப்பறைக்குள் கிடந்த ஸ்கேல்…

மேசைமேல் இருந்தது.

அதை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன்.

5.49. என் சாவியால் வாசல் கதவைத் திறந்தேன். குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். பாட்டு இல்லை.

"பாப்பா!"

தண்ணீர் மட்டும்.

ஸ்கேலை விட்டேன். சறுக்கியது.

மறுபடி.

டக்.

சுவரில் சாய்ந்து கிடந்தாள். கெய்சரை அணைத்து, துண்டைச் சுற்றி, வாசலுக்குத் தூக்கிவந்தேன். டெய்லரம்மா வண்டி பிடித்தார். மருத்துவமனையில் ஆக்சிஜன் வைத்தார்கள். புகைக்குழாய் இல்லாத கெய்சர் விடும் விஷக்காற்றுக்கு வாசனையே கிடையாதாம்.

"இன்னும் அஞ்சு நிமிஷம் போயிருந்தா…" என்று ஆரம்பித்த டாக்டர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, விடுங்க. பொழச்சுட்டா" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம், மகள் கஞ்சி குடித்துவிட்டுத் தூங்கிய பிறகு, அலுவலகத்தைத் திறந்தேன். ரிப்போர்ட் விட்டது விட்டபடி இருந்தது. அச்செடுத்தேன். மூன்று வரிகளுக்கும் தேதி ஒன்றே. புதன்கிழமை.

கெய்சர் என் வீட்டுக்கு வந்தது வெள்ளிக்கிழமை. கடைக்காரருக்கு அந்த எண்ணம் தோன்றியதே வியாழன் இரவு. போன் செய்து கேட்டேன்.

"முன்னாடியே யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் சம்சாரத்துக்கே தெரியாது சார். ஏன் கேக்குறீங்க?"

ஒன்றுமில்லை என்று வைத்துவிட்டேன்.

பிறகு ஏன் அதைச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. நாங்கள் வேலை பார்க்கும் கணினித் தாள்களில், நீக்கிய வரிகளும் நீக்கிய நேரமும் அழியாமல் இருக்கும். பழைய தாள்களை எடுத்து, 'சொல்லேன்' என்று போட்டுத் தேடினேன்.

ஒரே ஒரு வரி கிடைத்தது. இதயநோய் மருத்துவர் ஒருவரின் தளத்துக்கு வந்தது.

'இடது தோள் ரெண்டு நாளா வலிக்குது, வீட்டுக்காரரைப் பயமுறுத்தாம என்ன பண்றது சொல்லேன்.' தேடியவர்: 1.

மனைவியின் போனை எடுத்து, அவள் பழைய தேடல்களைப் பார்த்தேன். அதிலும் அந்த வரி இருந்தது. இறப்பதற்கு முந்தைய திங்கட்கிழமை அவளே தட்டியது. இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை, அது என் திரைக்கு வந்திருக்கிறது. மறுநாள் விடியும்போது அவள் இல்லை.

நீக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். நேரம், மாலை 5.41.