விசா இல்லாத முயல்

அந்த முயலுக்கு விசா இல்லை என்பது, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் பல் விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. வாயில் நுரையோடு வரவேற்பறைக்கு ஓடிச் சுவரைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை. சிவப்புப் படகின் நுனியில், கழுத்துத்துண்டு காற்றில் பறக்க, கயிற்றால் கட்டிய பெட்டியோடு முயல் நிற்கிறது. கரையிலே ஒரு பாறையில் தொப்பி போட்ட கடற்காகம் சிறகை நீட்டி மறிக்கிறது. அதற்குப் பின்னால், வீடொன்றின் யன்னலில் மூக்குக்கண்ணாடி போட்ட ஆந்தை. தொப்பி போட்டவர் பொலிஸ். கண்ணாடி போட்டவர் விசாரிக்கிறவர். இதைவிடத் தெளிவாக ஒருவர் எப்படிப் படம் கீறுவது?

அது ஒரு பழைய கார்ட்டூன் படத்தின் சுவரொட்டி. எங்கள் வகுப்பு ஆசிரியை சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் திரையரங்குகளில் ஓடியதாம். நோர்வேயில் அந்தப் படத்தைப் பார்க்காத ஆளே இல்லை என்று அவர் சொன்னார். எங்கள் வீட்டில் ஒருவரும் பார்த்ததில்லை. பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காக நடந்த பழம்பொருள் சந்தையில் அப்பா அதை வாங்கி வந்தார். உண்மையில் அவர் வாங்கியது சட்டத்தைத்தான். குறொன்லாண்ட் பகுதித் தமிழ்க் கடையொன்றில் எடுத்திருந்த பிள்ளையார் படத்துக்கு அளவான, கண்ணாடி போட்ட நல்ல மரச்சட்டம். உள்ளே இருந்த முயல் இலவசம். வீட்டுக்கு வந்து அப்பா பின்பக்க ஆணிகளைக் கழற்றத் தொடங்கியதும் நான் அழுத அழுகையில் கையிலிருந்த குறட்டைக் கீழே வைத்துவிட்டார். பிள்ளையார் சுருட்டியபடியே அலுமாரிக்கு மேலே இருந்தார். அவர் பொறுமையானவர், கோபிக்க மாட்டார் என்று அம்மா அப்பாவுக்குச் சமாதானம் சொன்னார்.

சுவரொட்டிக்கு நேர் கீழே இருந்த செற்றிதான் மாமாவின் படுக்கை. மாமா, அம்மாவின் தம்பி. அந்த வருடம்தான் ஊரிலிருந்து அகதியாக வந்திருந்தார். அவரைக் கூப்பிட்டு விசாரித்து முடிந்திருந்தது. இருக்கலாமா, திரும்பிப் போகவேண்டுமா என்ற பதில் மட்டும் வரவில்லை. வேலை செய்ய அனுமதி இல்லை. மொழியும் இல்லை. ஸ்டோவ்னரில் எங்கள் மாடி வீட்டில், பகல் முழுக்க அவரும் முயலும் ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தார்கள். நான் பள்ளியால் வந்து பையை இறக்குவதற்குள் கேள்வி வரும்.

"மருமகள், இவர் எங்கை வெளிக்கிட்டு நிக்கிறார்?"

எனக்குத் தெரியாது என்று சொல்ல மனம் வரவில்லை. வீட்டில் நோர்வேஜியன் பேசிக் கிழிக்கிறவள் நான். தபாலில் வருவதை வாசித்துச் சொல்கிறவள் நான். ஒரு முயல் எங்கே போகிறது என்று தெரியாமல் இருக்கலாமா? பல் விளக்கிய அந்தக் காலையோடு என் மானம் தப்பியது. அன்றைக்கே கதையைத் தொடங்கிவிட்டேன்.

முயலின் காட்டில் சண்டை. முயல் ஆருக்கும் சொல்லாமல் படகு ஏறியது. படகுக்காரன் பாதி வழியில் இன்னும் காசு கேட்டான். கரையில் கடற்காகம் பிடித்தது. மாமா ஒரு சொல்லையும் விடாமல் கேட்டார். சுவரொட்டியின் மூலையில் இருந்த அணிலையும் அவர் விடவில்லை.

"இந்த அணில் ஆர்?"

"அது தொல்க், மாமா." மொழிபெயர்ப்பாளருக்கு எங்கள் ஆட்கள் எல்லோரும் சொல்லும் நோர்வேஜியச் சொல் அதுதான்.

மாமா செற்றியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அணில் ஒழுங்காச் சொல்லுதோ? இல்லாட்டி முயல் ஒண்டு சொல்ல அது வேறை ஒண்டு சொல்லுதோ?"

"கொஞ்சம் சுருக்கிச் சொல்லுது."

"அதுதானே பார்த்தன்!" தொடையில் தட்டிச் சிரித்தார்.

எல்லாம் என் சொந்தக் கற்பனை என்று நான் மனமார நம்பினேன். சமையலறையில் பெரியவர்கள் குரலைத் தாழ்த்திக் கதைப்பார்கள். வீட்டுப்பாடம் செய்கிற பிள்ளைக்குக் காது கேட்காது என்பது அவர்கள் எண்ணம். எனக்கும் கிட்டத்தட்ட அதே எண்ணம்தான்.

கதை எங்கே போனாலும் மாமா ஒரே இடத்துக்குத் திரும்பி வருவார். "அப்ப, ஆந்தை நம்பினதோ?" நாளைக்குச் சொல்லுறன் என்று நான் தள்ளிப்போட்டேன். முடிவு என்னிடமே இல்லை. ஒருநாள் அம்மா சமையலறையிலிருந்து சத்தம் போட்டார். "ஏனடி அந்த மனுசனைப் போட்டு இழுத்தடிக்கிறாய்? சொல்லி முடியன்!"

"நம்பினது. முயலை இருக்க விட்டவை. அங்கையே இருக்குது."

"கட்டாயமோ?"

"நான் பார்த்தனான், மாமா."

அதை மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம். டிசம்பரில் நத்தார் விடுமுறை தொடங்கியதும், பத்திரிகையின் தொலைக்காட்சிப் பக்கத்தில் மாமா முயலைக் கண்டுபிடித்துவிட்டார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் படத்தில் முயலின் காது தெரியும்தானே. அன்று காலை முகம் மழித்து, சட்டை மாற்றி, விருந்துக்குப் போகிறவர் மாதிரிச் செற்றியில் உட்கார்ந்தார். "நீதான் எனக்குத் தொல்க்" என்று என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார்.

படம் தொடங்கிய சற்று நேரத்திலேயே என் கதை கவிழ்ந்தது. முயலுக்குக் கோடை விடுமுறை. தீவில் இருக்கிற பெரியம்மா வீட்டுக்குப் போகிறது. அவ்வளவுதான். கடற்காகம் பயணச்சீட்டுக் கிழிக்கிறவர். ஆந்தை ஐஸ்கிரீம் விற்கிறவர். அணில் வெறும் அணில். நான் கண்ணை இமைக்காமல் என் கதையையே மொழிபெயர்த்தேன். பயணச்சீட்டுக் கடவுச்சீட்டாயிற்று. ஆந்தை குனிந்து ஐஸ்கிரீம் நீட்டியபோது மாமா திரும்பிப் பார்த்தார்.

"விசாரணையிலை ஐஸ்கிரீமும் குடுக்கிறவையோ?"

"இது நல்ல ஆந்தை."

"எனக்குத் தண்ணிதான் தந்தவை" என்றார்.

எப்படியோ ஓட்டிக்கொண்டு போனேன். ஆனால் கோடை முடிந்தது. முயல் பெட்டியைக் கயிற்றால் கட்டியது. பெரியம்மா கண்ணைத் துடைத்தார். கடற்காகம் மணியடித்தது. முயல் அதே சிவப்புப் படகில் ஏறியது, படகு கரையை விட்டு விலகியது. பின்னணியில் இசை கும்மாளம் போட்டது. உலகத்துப் பிள்ளைகளெல்லாம் முயல் வீட்டுக்குப் போகிறதென்று மகிழவேண்டிய இடம் அது.

மாமாவின் கை என் தோளிலிருந்து எழுந்தது.

"ஏன் பிள்ளை திருப்பி ஏத்துறாங்கள்?"

திரையை விட்டு என் பக்கம் திரும்பினார்.

"இருக்க விட்டவை எண்டு சொன்னனி."

"இது முதல் நடந்தது, மாமா. எப்பிடி வந்தவர் எண்டு திருப்பிக் காட்டுறாங்கள்."

அவர் என்னை நம்பவில்லை. சமையலறை வாசலில், கை துடைக்கிற துவாயோடு அம்மா நின்றதை அப்போதுதான் நானும் கண்டேன். எவ்வளவு நேரம் நின்றாரோ. பொய் என்றால் அம்மாவுக்கு ஆகாது. பல் விளக்காமல் விளக்கினேன் என்று சொன்னதற்கே அடி வாங்கியிருக்கிறேன்.

"அக்கா, உண்மையே?" என்றார் மாமா.

அம்மா திரையைப் பார்த்தார். படகு சிறிதாகிக்கொண்டிருந்தது.

"ஓம். அவர் பழசை நினைச்சுப் பாக்கிறார். ஆள் அங்கைதான் இருக்கிறார்." வந்து தொலைக்காட்சியை நிறுத்தினார். "எழும்புங்கோ, சோறு ஆறுது."

மாமா சாப்பிட்டார். இரண்டாம் முறையும் போட்டுச் சாப்பிட்டார்.

எனக்கோ அம்மாவை நினைக்கப் பாவமாக இருந்தது. இத்தனை வருடம் இந்த நாட்டில் இருந்தும், குழந்தைகள் படம் ஒன்றில் என்ன சொல்கிறார்கள் என்றுகூட விளங்கவில்லையே! அன்று பின்னேரமே என் முதலாம் வகுப்பு வாசிப்புப் புத்தகத்தைத் தேடி எடுத்து, அவரை மேசையில் இருத்தி நோர்வேஜியன் படிப்பித்தேன். முயல் ஓடுகிறது. படகு போகிறது. முதியோர் இல்ல வேலையில் நாள் முழுக்க நோர்வேஜியக் கிழவர்களோடு கதைத்து, அவர்களின் பகிடிக்குப் பகிடி சொல்லிவிட்டு வருகிற என் அம்மா, விரலை எழுத்தின் கீழ் வைத்து, நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னார். உச்சரிப்புப் பிழையென்று இரண்டு இடத்தில் திருத்தினேன்.

மாமாவுக்கு நல்ல பதில்தான் வந்தது, ஆனால் மிகவும் பிந்தித்தான் வந்தது. இப்போது ஸ்ட்ரோம்மன் பக்கம் குடும்பத்தோடு இருக்கிறார். நான் அனிமேஷன் படிக்கிறேன். இந்த ஆண்டு சொந்தமாக ஒரு குறும்படம் செய்தாகவேண்டும். முயல் வேண்டாம், மனிதரையே கீறுவது என்று முடிவெடுத்திருக்கிறேன். ஓர் அறை, ஒரு மேசை, ஒரு பக்கம் அதிகாரி, நடுவில் தொல்க், மறுபக்கம் மாமா. இவ்வளவும் கீறியாயிற்று. மாமா வாயைத் திறக்கிற இடத்தில் தாள் வெறுமையாக நிற்கிறது. அந்த அறையில் அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. அவர் எங்களோடு இருந்த அத்தனை நாளும் கதை சொன்னது நான். அவருக்கும் ஒன்று சொல்ல இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வருகிற சனிக்கிழமை ஸ்ட்ரோம்மனுக்குப் போகிறேன். குறுக்கே ஒரு சொல்லும் பேசாமல் கேட்டுப் பார்க்கப்போகிறேன்.