ஸுபைரா மாமியின் இருபது பவுண்

பதுளைக் கடைவீதியில் என் தம்பி ஸனூஸைக் காட்டி, "ஹார்ட்வெயார் ஹபீஸ்ட மகன், பிளேன் ஓட்டுறவர்" என்று சொல்லாத கடை இல்லை. ஊருக்கு அவனுடைய வெள்ளைச் சட்டையின் தோளில் இருக்கும் தங்கக் கோடுகள்தான் தெரியும். அந்தக் கோடுகளுக்காக எங்கள் வீட்டு உறுதிப் பத்திரம் வங்கியில் அடமானமாகக் கிடப்பது எங்களுக்கு மட்டும்தான் தெரியும். அழகான கோடுகள்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை.

அவன் ரத்மலானைக்குப் பறக்கப் படிக்கப் போனது 2019இல். வீட்டை வைத்து எடுத்த கடன் போதவில்லை. பாதியில் நிறுத்தினால் கட்டிய பணமும் வீண். அப்போதுதான் வாப்பாவின் தங்கை ஸுபைரா மாமியின் இருபது பவுண் இறங்கியது. நான் அந்த நாட்களில் பண்டாரவளையில் படிப்பித்துக்கொண்டு அங்கேயே தங்கியிருந்தேன். நகை எப்படிக் கைமாறியது என்று பார்க்கவில்லை. அடுத்த முறை வந்தபோது மாமியின் கைகளில் காப்பு ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் பார்த்தேன்.

மாமிக்குப் பிள்ளைகள் இல்லை, மாமாவும் இறந்துவிட்டார். நாற்பது வருடம் ஒரு புடவைக் கடையின் பின்னறையில் பள்ளிச் சீருடை தைத்தவர். அவருக்கு ஈ.பி.எப். கட்ட ஆள் இல்லை, பென்ஷன் இல்லை. வட்டி ஹராம் என்று வங்கிப் படியும் ஏறமாட்டார். ஒவ்வொரு ஜனவரியும் சீருடை மும்முரம் முடிந்ததும் அரைப் பவுணோ ஒரு பவுணோ வாங்கிக் கையில் போட்டுக்கொள்வார். வயது போன காலத்துக்கு அவர் சேர்த்தது அவ்வளவுதான்.

ஸனூஸ் லைசன்ஸ் எடுத்துக்கொண்டு வந்தான், கூடவே கொரோனாவும் வந்தது. பறக்கிற விமானங்களே தரையில் நின்றபோது புதிய விமானிக்கு யார் வேலை கொடுப்பார்? இரண்டு வருடத்துக்கு மேல் வாப்பாவின் கடையில் ஆணி நிறுத்துக் கொடுத்தான். பூனாகலைத் தோட்டத்திலிருந்து கூரைத் தகரம் வாங்க வந்த ஒருவர், "தம்பி பிளேன் ஓட்டப் படிச்சீங்கன்னு சொன்னாங்களே?" என்று கேட்டார். "ஆமாங்க, இப்ப தராசு ஓட்டுறேன்" என்றான். அவர் சிரித்தார். அவன் சிரிக்கவில்லை.

பிறகு ஒருவழியாக ஒரு கம்பனியில் துணை விமானியாகச் சேர்ந்தான். சம்பளம் வரும், வந்த அன்றே வங்கி தன் பங்கைப் பிடுங்கிக்கொள்ளும். அவனோடு பறந்த ஒரு கப்டனுக்கு நாற்பத்திரண்டு வயதில், வருடாந்த வைத்தியப் பரிசோதனையில், இதயத்தில் ஏதோ கோளாறு என்று பறக்கத் தடை போட்டார்கள். அந்த மாதம் தொடங்கி ஸனூஸ் ஓய்வுகால நிதி ஒன்றில் பணம் போட ஆரம்பித்தான்.

"மீச இன்னும் ஒழுங்கா மொளக்கல்ல, பென்ஷன் கேக்குதா?" என்று நான் கிண்டல் செய்தேன்.

"ஒங்களுக்கெல்லாம் அறுபதுல வாற ஓய்வு எனக்கு அடுத்த மெடிகல்லயே வரலாம்" என்றான். அதற்குப் பிறகு அந்தக் கிண்டலை நான் செய்யவில்லை.

ஒருநாள் சாப்பாட்டில் வாப்பா கேட்டார், "கப்டன் பிழ உட்டா நீ என்ன செய்வாய்?" ஸனூஸ் உற்சாகமாக விளக்கினான். முதலில் மரியாதையாக ஞாபகப்படுத்த வேண்டும். கேட்காவிட்டால் பிழையை நேராகச் சொல்ல வேண்டும். அதற்கும் கேட்காவிட்டால் 'இப்ப என்ட கைல' என்று சொல்லிவிட்டு விமானத்தைத் தானே எடுத்துக்கொள்ள வேண்டும். கப்டன் 'ஒன்ட கைல' என்று சொல்லிக் கையை எடுத்துவிட வேண்டும்.

"நல்ல சட்டம்" என்றார் வாப்பா. "ஆனா இந்த ஊட்டுக் கப்டன் நான். நான் கையெடுக்க மாட்டன்."

எல்லோரும் சிரித்தோம்.

சென்ற மாதம் ஸனூஸ் லீவில் வந்திருந்த ஒரு மழை நாளில் மாமி வந்தார். நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு, உட்காரும் முன்பே கேட்டார், "மகன், நாளைக்கு டியூட்டி ஈக்கா?"

"இல்ல மாமி. நாலு நாள் லீவு."

"அப்ப செல்றேன்" என்று உட்கார்ந்தார். அவர் இருக்கும் வாடகை வீட்டை உரிமையாளர் விற்கப் போகிறாராம். ஐம்பது லட்சம். மாத முடிவுக்குள் மாமி வாங்கினால் அவருக்கு, இல்லாவிட்டால் வேறொருவருக்கு. அறுபத்தெட்டு வயதில் மூட்டு நோவோடு வீடு தேடி அலைய வேண்டும்.

ஸனூஸின் முகம் மலர்ந்தது. உள்ளே போய் ஒரு உறையைக் கொண்டுவந்து மாமியின் கையில் வைத்தான். மாதம் மாதம் தனியாகச் சேர்த்த பதிமூன்று லட்சத்துக்கான காசோலை. "ஒங்கட கடன் முழுசும் மாமி" என்றான் பெருமையோடு.

மாமி உறையைத் திறக்கவில்லை. "நான் பதிமூணு லட்சம் தரல்லியே மகன். இருபது பவுண்தானே தந்த."

நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். அன்று பவுண் அறுபத்தைந்தாயிரம். இன்று மூன்று லட்சத்தையும் தாண்டிவிட்டது. பதிமூன்று லட்சத்துக்கு நான்கு பவுண்தான் வரும். ரூபாய் விழுந்தபோது எங்கள் வங்கிக் கடன் சுருங்கிப்போனது என்று நாங்கள் சந்தோஷப்பட்டோம். மாமியின் கடன் அதே நேரத்தில் ஊதிக்கொண்டிருந்ததை யாரும் யோசிக்கவில்லை. நகையாக வாங்கினால் நகையாகத்தான் திருப்ப வேண்டும், பணமாக வாங்கினால் பணம் போதும். எங்கள் ஆட்களில் சின்னப் பிள்ளைக்கும் இது தெரியும்.

வாப்பா தொண்டையைக் கனைத்தார். "நீ நகைய வித்துட்டு சல்லியாத்தானே தந்தாய், ஸுபைரா."

மாமி வாப்பாவைப் பார்த்தார். கோபம்கூட இல்லை அந்தப் பார்வையில், திகைப்புதான் இருந்தது. "நானா," என்று அண்ணனைக் கூப்பிட்டார். "நானா வித்த?"

"நீதான் வித்தாய். வித்த சல்லியத்தான் நாங்க எடுத்த."

வாப்பாவைப் பொய்யர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, இன்றும் வராது. அவருடைய பயம் எனக்குத் தெரியும். ஸனூஸ் தன் சேமிப்பை உடைத்து, அடுத்த மெடிகலில் ஏதாவது நடந்தால், தவணை நிற்கும், வீடு போகும். தங்கையின் வீடா தன் வீடா என்று மனதுக்குள் தராசைத் தூக்கிவிட்டார். ஆனாலும் 'கடன் அன்பை முறிக்கும்' என்று கடைச் சுவரில் பெரிதாக ஒட்டி வைத்திருப்பவர் அவர்தான்.

மாமி உறையை மேசையில் வைத்துவிட்டு முந்தானையைச் சரிசெய்தார். எழும்பப் போகிறார் என்று தெரிந்தது. எழும்பினால் அவர் திரும்ப வரமாட்டார். நான் ஸனூஸைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வாப்பா" என்றான் மெதுவாக. "மாமி காப்பக் கழட்டி ஒங்கட கைலதானே தந்த? ஒருக்கா யோசிச்சிப் பாருங்க."

"எனக்கு ஞாபகமில்ல."

"வாப்பா, இது பிழ. நீங்களும் நானும்தான் நகக்கடைக்குப் போன. தராசுல வச்சத நான் கண்ணால பாத்த. மாமி வரவேயில்ல. பாக்க ஏலாது எண்டு ஊட்டுல இருந்தாங்க."

"பெரியவங்க பேசக்குள்ள நீ வாய மூடு!" வாப்பா மேசையில் அடித்தார். "மெடிகல் போனா யார் சோறு போடுவா? இந்த மாமியா?"

ஸனூஸ் எழுந்தான். அவன் வாப்பாவை எதிர்த்து நின்று நான் பார்த்ததே இல்லை. "இனி இது என்ட கைல வாப்பா" என்றான். எங்கள் முன்னாலேயே போனை எடுத்து, ஓய்வுகால நிதியை மூடுவதற்கு என்ன செய்ய வேண்டும் என்று கேட்டான். இருபத்தாறு லட்சம் கிடைக்கும் என்றார்கள். காசோலையோடு சேர்த்தால் முப்பத்தொன்பது. அன்றைய விலைக்குப் பன்னிரண்டு பவுண்.

"மிச்சம் எட்டு, மாமி. பவுணாவே தாறேன். வெல ஏறினாலும் பவுண்தான்."

மாமிக்கு அழுகை வந்துவிட்டது. "ஏன் இவ்வளவு நாளும் கேக்கல்ல?" என்று நான் ஆத்திரத்தில் கேட்டுவிட்டேன்.

"இவன் மேல பறக்கக்குள்ள கீழ இருந்து கடன் கேட்டு மனசக் குழப்ப ஏலுமா? பின்னால எத்தன உசிரு இருக்கிற?" என்றார்.

வாப்பா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

முப்பத்தொன்பதை முன்பணமாக வாங்கிக்கொண்டு, மீதிக்கு வீட்டுக்காரர் வருட முடிவு வரை தவணை கொடுத்தார். மாமிக்கு வீடு நின்றது. ஸனூஸுக்கு இருபத்தாறு வயதில் வங்கிக் கடனும் எட்டுப் பவுண் கடனும் இருக்கின்றன, சேமிப்பு என்று ஒரு சதம் இல்லை. அடுத்த மெடிகல் இரண்டு மாதத்தில்.

வாப்பா மூன்று நாளும் அவனோடு பேசவில்லை. நாலாம் நாள் அவன் காலை ரயிலுக்குப் புறப்பட்டபோது, கூப்பிடாமலேயே கூட வந்து அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டார். நானும் ஸ்டேஷன் வரை போனேன். ரயில் வந்ததும் ஸனூஸ் பைக்குக் கை நீட்டினான். வாப்பா பிடியை விடவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"மெடிகலுக்கு முந்தி உப்பு, சீனியக் கொறச்சிக்க" என்றார். பிறகு பிடியிலிருந்து கையை எடுத்தார்.

"ஒன்ட கைல" என்றார்.

ரயில் போனதும் நான் வீட்டுப் பக்கம் திரும்பினேன். வாப்பா வரவில்லை. குடையை விரித்துக்கொண்டு மாமி வீட்டுத் தெருவில் இறங்கினார்.