தரகர் செங்கோடனின் வலது கை

இந்தச் சீமையில் நான் போய் ஒரு வீட்டு வாசலில் நின்றால், அந்த வீட்டு ஆண்கள் பின்பக்கமாகக் குச்சிக்கிழங்குக் காட்டுக்குள் நழுவிவிடுகிறார்கள். நாய் குரைக்கும், கோழிகள் சிதறும், ஒரு வேட்டி முனை செடிகளுக்கு நடுவே மறைவது மட்டும் கண்ணில் படும். பெண்பிள்ளை வந்தால் ஒதுங்கி நிற்பது இவர்கள் மரியாதை போலிருக்கிறது என்று முதலில் நான் பெருமைப்பட்டுக்கொண்டேன். பிறகுதான் விஷயம் தெரிந்தது. நெருக்கடி நிலைக் காலத்தில் ஜீப் வந்து நின்றதும், ஆண்களை ஏற்றிக்கொண்டு போய்க் கருத்தடை ஆபரேஷன் செய்து அனுப்பியதும் இவர்களுக்கு இன்னும் மறக்கவில்லை. அது நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஆனால் சூடு கண்ட பூனைக்கு வருஷக் கணக்கு ஏது? என் வெள்ளைப் புடவையும் தோல் பையும் போதும், ஊரே உஷாராகிவிடும்.

சிலோனில் நமது மலைநாட்டில் இப்படி ஓடியவர்களை நான் கண்டதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நாம் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு டிஸ்பென்சரி ஆள் வந்தால் வரிசை நிற்கும். வாயைத் திறக்கச் சொன்னால் திறப்போம், கையை நீட்டச் சொன்னால் நீட்டுவோம். அது நம்பிக்கை என்றுதான் அங்கே இருந்தவரைக்கும் நினைத்திருந்தேன். இங்கே வந்து பார்த்த பிறகு வேறு மாதிரி தோன்றுகிறது. நமக்கு ஓடுவதற்குச் சொந்தக் காடு இல்லை, அவ்வளவுதான். நுவரெலியாப் பக்கம் இன்னும் லயத்தில் இருக்கும் என் அக்காவும், என்னைப் போலக் கப்பலேறி மண்டபம் முகாம் வழியாக இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவர்களும் இதைப் படித்தால் கோபிக்கக்கூடும். கோபித்தாலும் பரவாயில்லை. சந்தேகப்படுவதற்குக்கூட ஒரு துண்டு நிலம் வேண்டும் என்பதை நான் நாமகிரிப்பேட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

எனக்கு வேலை டவுனில், அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு தனியார் மருத்துவமனையில். குடியிருப்பது அம்மாபேட்டையில், தறிச் சத்தத்துக்கு நடுவில் ஒரு வாடகை அறை. எங்கள் டாக்டர் வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், நல்ல மனிதர், ஆனால் எதையும் அளந்து பார்க்காமல் நம்பமாட்டார். பக்கவாதம் வந்து கை விழுந்தவர்களை இரண்டு பிரிவாக்கி ஓர் ஆராய்ச்சி நடத்தினார். ஒரு பிரிவுக்கு நர்ஸ் வீடு தேடிப் போய்க் கைக்கும் விரலுக்கும் பயிற்சி கொடுக்கவேண்டும். இன்னொரு பிரிவுக்கு மாத்திரையும் வழக்கமான புத்திமதியும் மட்டும். மாதம் ஒருமுறை போய்க் கைப்பிடியின் பலத்தை அளந்துகொண்டு வரலாம், ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. யார் எந்தப் பிரிவு என்பதை ஒட்டிய உறை முடிவு செய்யும். டாக்டருக்கும் உள்ளே என்ன என்று தெரியாது, எனக்கும் தெரியாது. நோயாளியின் எதிரிலேயே கிழித்துப் படிப்போம். அப்போதுதான் வேண்டியவன் வேண்டாதவன் என்ற பேச்சு வராது என்றார் டாக்டர். அவர் இந்த ஊர்க்காரர் இல்லை.

செங்கோடன் மாட்டுத் தரகர். கொஞ்சம் நிலமும் கிணறும் உண்டு, ஆனால் பெயர் வாங்கியது சந்தையில். இங்கே மாட்டு விலையை வாயால் பேசுவதில்லை. தோளில் கிடக்கும் துண்டை இரண்டு பேர் கைமேலும் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வார்கள், விரலை விட்டு விலை குறைப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. அப்படிப் பேசுகிற வலது கைதான் அவருக்கு விழுந்துபோனது. சந்தைக்குப் போவதை நிறுத்திவிட்டார். கிணற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த பங்காளி வீட்டு மருமகள் ராமாயிக்கும் அதே சமயத்தில்தான் வலப்பக்கம் விழுந்தது. பிள்ளை பெற்ற சூட்டோடு வருகிற வாதம், இங்கே இளம் பெண்களுக்கு அடிக்கடி வருகிறது. கைக்குழந்தையை அவளால் தூக்க முடியவில்லை. பாயில் போட்டு, பக்கத்தில் சாய்ந்து படுத்துப் பால் கொடுப்பாள். இருவரும் ஒரே வண்டியில் மருத்துவமனைக்கு வந்தார்கள். ராமாயியின் உறையில் வீட்டுப் பயிற்சி வந்தது. செங்கோடனின் உறையில் வெறும் மாத்திரை வந்தது.

அவர் மனைவி செல்லாயி அதைச் சாதாரணமாக எடுத்துக்கொண்டார். "நம்ம கோயில்ல பூப் போட்டுக் கேக்கற மாதிரிதானுங்க. வெள்ளப்பூ வந்தா ஒண்ணு, செவப்பு வந்தா ஒண்ணு. வந்தத ஏத்துக்கோணும்" என்றார். இந்தப் பக்கத்தில் கல்யாணமோ கிணறு வெட்டுவதோ, இரண்டு நிறப் பூவைத் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்கிறார்கள். செங்கோடனுக்கு அது ஒப்பவில்லை.

"சாமி குடுத்தா வாங்கிக்குவேன். இது ஆரு கட்டுன பொட்டலம்?" என்று என்னைக் கேட்டார்.

"யாருக்கும் தெரியாதுங்க ஐயா. கலைச்சுப் போட்டுத்தான் ஒட்டி வைப்பாங்க."

"ஏனுங்க நர்சம்மா, மூடிப்போட்டுப் பேசறதுதான் என்ற தொழிலே. மூடுனதுக்குள்ள ஒண்ணுமில்லீன்னு என்றகிட்டயே சொல்றீங்களே!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. உண்மையில் அவர் பக்கம்தான் என் மனம் சாய்ந்தது. உறைகளை நானும் நம்புவதில்லை. இரண்டு நாட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்து, தோட்டத்து ஆட்களில் யார் எந்த நாட்டுக்கு என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஒரே லயத்தில், ஒரே அடுப்பில் வளர்ந்த அக்காவும் நானும் மனுப் போட்டோம். அவளுக்கு வந்த உறையில் அந்த நாடு இருந்தது, எனக்கு வந்த உறையில் இந்த நாடு இருந்தது. ஏன் அவளுக்கு அது, எனக்கு இது என்று கேட்க ஒரு ஜன்னல்கூட இல்லை. கப்பலுக்குப் போகிற தலைமன்னார் ரயிலில் ஏற்றிவிட வந்த அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதபோதும், யாரோ ஒரு கிளார்க் வேண்டுமென்றே செய்திருப்பான் என்றுதான் எனக்குத் தோன்றியது. இன்றைக்கும் தோன்றுகிறது. அப்படிப்பட்டவளிடம் ஒரு கட்டு உறையைக் கொடுத்து ஊர் ஊராக அனுப்பினார் டாக்டர். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்.

மாதா மாதம் அளப்பதற்குப் போவேன். பெரிய கருவி ஒன்றும் கிடையாது. ரத்த அழுத்தம் பார்க்கிற துணிப்பட்டையைச் சுருட்டி, கொஞ்சம் காற்றடித்து, நோயாளியின் கையில் கொடுத்துப் பிழியச் சொல்வோம். பிழிகிற பலத்துக்குத் தக்கபடி பாதரசம் ஏறும். செங்கோடன் பிழிவார், பாதரசம் அசையாது. அவர் முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும். விரலை எப்படி விரிக்கவேண்டும், மணிக்கட்டை எதன்மேல் வைக்கவேண்டும் என்று வாய் வரைக்கும் வந்துவிடும். சொல்லக் கூடாது. அங்கே முதல் தடவை தண்ணீர் கேட்டபோது இளநீர் வெட்டிக் கொடுத்தார்கள். என்ன தாராளம் என்று குடித்தேன். இளநீருக்கு அவர்கள் வீட்டுப் பாத்திரம் தேவையில்லை என்பது அம்மாபேட்டை அறைக்குத் திரும்பிய பிறகுதான் உறைத்தது. நான் என்ன ஆள் என்று அதற்குள் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள், நானும் பிடிகொடுக்காமல் "சிலோனுங்க" என்று முடித்திருந்தேன். ஆக, அவர்கள் என்னை நம்பவில்லை, நானும் அவர்களை நம்பவில்லை. கணக்குச் சரியாக இருந்தது.

ராமாயி வீட்டில் பயிற்சி நடக்கும்போதெல்லாம் செல்லாயி வந்துவிடுவார். கறிவேப்பிலை கேட்டு வருவார், அரிவாள் கேட்டு வருவார். கேட்டதை வாங்கிக்கொண்டு போகாமல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். நான் ராமாயியின் விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்துவதையும், சொம்பைப் பிடிக்கவைத்து விடச்சொல்வதையும் கண் கொட்டாமல் பார்ப்பார். வேவு பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அந்த வீட்டுக்கு நான் ஏதாவது கூடுதலாகக் கொடுக்கிறேனா என்று புருஷன் பார்த்துவரச் சொல்லியிருப்பார். ஒருநாள் நேராகவே கேட்டார்.

"எதுக்குங்க இப்படி? நல்ல வைத்தியம்னா ரெண்டு ஊட்டுக்கும் பண்ணலாமில்லீங்?"

எனக்கு எட்டிய அளவில் சொன்னேன். வீடு தேடி வந்து செய்வதால் பலன் உண்டா என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. பயிற்சி வாங்குகிற பக்கம் தேறி, வெறும் மாத்திரைப் பக்கம் தேறாவிட்டால் எல்லாருக்கும் செய்யச் சொல்லலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தேறினால் நர்ஸ் அலைவது வீண் என்று அர்த்தம், வீட்டுக்கு வருவதை நிறுத்திவிடுவார்கள்.

"நிறுத்திப்புடுவாங்களா?" என்றார் செல்லாயி. அவ்வளவுதான் கேட்டார். பாயில் கிடந்த ராமாயியின் குழந்தையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

மழைக்கு முந்தைய ஒரு மாதத்தில் பஸ் சீக்கிரம் வந்துவிட்டது. நான் எப்போதும் போகிற வண்டிப்பாதையை விட்டு, கிணற்று மேட்டு வழியாகச் செங்கோடன் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. தளையை அறுத்துக்கொண்டு ஓடிய கன்றை இழுத்துவந்து முளைக்குச்சியில் கட்டிக்கொண்டிருந்தார். இடக்கையால் கன்றை அணைத்துக்கொண்டு, வலக்கையால் கயிற்றைச் சுற்றி, விரலை உள்ளே விட்டு முடிச்சை இறுக்கினார். மேட்டிலேயே நின்றுவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் அதன் பின்னாலேயே எரிச்சலும் வந்துவிட்டது. ஐந்து நிமிஷம் கழித்துக் கட்டிலில் உட்கார்ந்து அதே கையில் துணிப்பட்டையை வாங்கினார். பாதரசம் அசையவில்லை.

"கன்னுக்குட்டிய யாருங்க கட்டினது?" என்று கேட்டேன்.

செல்லாயி தலையைக் குனிந்துகொண்டார். செங்கோடன் என்னை ஏற இறங்கப் பார்த்தார், மாட்டுக்குப் பல் பார்க்கிற பார்வை.

"கண்டுக்கிட்டீங்களாக்கும்" என்றார். "எல்லாம் இவ வேலைங்க. அங்க நீங்க அந்தப் புள்ளைக்குச் சொல்லித் தாரத பாத்துட்டு வந்து, இங்க என்ற வெரலப் புடிச்சு ஒடிக்காத கொறைதான்."

"தேறினத மறைக்கிறது சரிங்களா ஐயா? நான் பொய்க் கணக்கைத்தானே கொண்டுபோய்க் குடுத்திருக்கேன்!" என் குரல் உயர்ந்துவிட்டது. தரகர் புத்தி, நல்ல மாட்டையும் நோஞ்சான் என்று காட்டுகிற புத்தி என்றுதான் மனத்துக்குள் திட்டினேன்.

அவர் கோபிக்கவில்லை. "நீங்க சொன்னதுதானுங்க. ரெண்டு பக்கமும் தேறுனா வாரத நிறுத்திப்புடுவாங்கன்னு இவகிட்டச் சொன்னீங்களாமில்ல? என்ற கை வந்துருச்சுன்னு எழுதிப்போட்டா, ஊடு தேடிப் போகாத கெழவனுக்கே வந்துருச்சுன்னு உங்க டாக்டரு கணக்கு முடிச்சுப்போடுவாரு. அப்பறம் அந்தப் புள்ள கதி? அதுக்கு இன்னும் கொழந்தயத் தூக்க வரலீங்க. என்ற சந்தை கெடக்குது, அடுத்த வருசம் போய்க்கறேன்."

துணிப்பட்டையைத் திரும்ப வாங்கிச் சுருட்டினேன். எத்தனை மாதமாக அவரைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன், எத்தனை மாதமாக செல்லாயியை வேவுக்காரி என்று நினைத்தேன்! சந்தைக்குப் போகாமல், ஊர் பார்க்க நொண்டிக் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு அந்த மனிதர் காத்துக்கிடந்தது பங்காளி வீட்டு மருமகளுக்காக. நம் லயத்தில் நடந்திருந்தால் நான் உடனே நம்பியிருப்பேன். இங்கே நடந்ததால் என் கண்ணுக்கு அது கள்ளத்தனமாகத் தெரிந்துவிட்டது. அதை நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது.

ஆனாலும் பொய்யை எழுத முடியாது. அதைச் சொன்னேன். "உங்க கை தேறினத எழுதித்தான் ஆகணும். வீட்டம்மா பாத்துக் கத்துக்கிட்டு வந்து செஞ்சதையும் கூடவே எழுதுறேன். ரெண்டையும் பாத்தா டாக்டருக்குப் புரியும்."

"புரியலீன்னா?"

அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டாக்டர் நல்லவர், ஆனால் அட்டையில் எண்ணுக்கு மட்டும்தான் கட்டம் போட்டிருந்தார்.

 செங்கோடன் தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, "கையக் குடுங்க" என்றார். பொம்பளையிடம் துண்டுப் பேரமா என்று செல்லாயி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். நான் வலக்கையை நீட்டினேன். துண்டு விழுந்து மூடியது.

"டாக்டரு நிறுத்துனாலும் ராமாயி ஊட்டுக்கு நீங்க வரோணும். லீவு நாள்ல வாங்க. எத்தன மாசம்?" என்று கேட்டு, உள்ளே தன் வலக்கையால் என் ஐந்து விரலையும் சேர்த்துப் பிடித்தார்.

அம்மாபேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறவேண்டும், எனக்கும் வாரத்துக்கு ஒரு நாள்தான் ஓய்வு. நாலு மாதம் போதும் என்று கட்டை விரலை உருவிக்கொண்டேன். அவர் விடாமல் திரும்பப் பிடித்தார். அவருடைய சுண்டுவிரல் மட்டும் இன்னும் தளர்வாக இருந்தது, மற்ற விரல்களில் நல்ல பலம், பாதரசம் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். மறுபடியும் இழுத்தேன், மறுபடியும் பிடித்தார். இரண்டு நாட்டிலும் எனக்கு வந்ததெல்லாம் முடிவாகத்தான் வந்திருக்கிறது. யாரும் என் விரலைப் பிடித்து உனக்குச் சம்மதமா என்று கேட்டதில்லை. ஐந்து விரலையும் அவரிடமே விட்டுவிட்டேன்.

"ஆச்சுங்க, முடிஞ்சுது" என்று செல்லாயியைப் பார்த்துச் சொன்னார். செல்லாயி உள்ளே போய், தாங்கள் புழங்குகிற சொம்பிலேயே மோர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்தார்.

"இப்ப எழுதுங்க நர்சம்மா. நெசத்தையே எழுதுங்க" என்றார் செங்கோடன்.

மருத்துவமனை அட்டையும் பென்சிலும் என் இடக்கையில் இருந்தன. எழுதுகிற கையை அவர் இன்னும் விடவில்லை.