திருவாதிரைக்கு மூன்று வெடி

நான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் கண்ணாடிக் கதவில் ஒரு துப்பாக்கிப் படம் ஒட்டியிருக்கிறது. அதன்மேல் சிவப்பில் ஒரு குறுக்குக்கோடு. உள்ளே கொண்டுவராதே என்று அர்த்தம். டெக்சாஸுக்கு வந்த முதல் வாரம் அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. கொண்டுவராதே என்று சொல்ல வேண்டியிருக்கிறதென்றால் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். கொச்சியின் மட்டாஞ்சேரியில் நான் பார்த்து வளர்ந்த அறிவிப்புகள் இங்கே துப்பாதே, இங்கே சைக்கிளை நிறுத்தாதே என்பவைதான். துப்பாதே என்று எழுதிய சுவரில்தான் வெற்றிலைச் சாறு அதிகம் வழிந்திருக்கும். அந்த அனுபவத்தில், கதவில் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் முன்னால் நிற்கிறவரின் இடுப்பைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.

சந்தேகம் எனக்குப் புதிதல்ல. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கொச்சி நகரசபையில் துப்புரவு வேலைக்கு வந்தவர். நாங்கள் பிறந்து, மலையாளத்தில் படித்து, மலையாளத்தில் கனவு கண்டாலும் தெருவில் எங்கள் பெயர், தமிழர்களை இளக்காரமாகச் சொல்லும் பாண்டிதான். எங்கேயாவது ஒரு பித்தளைக் குடம் காணாமல் போனால் முதல் விசாரணை எங்கள் குடியிருப்பு வரிசையில் நடக்கும். மற்றவர்களைச் சந்தேகப்படக் கற்பதற்கு முன்பே மற்றவர்களின் சந்தேகத்துக்குள் குடியிருந்து பழகிவிட்டேன். தொண்ணூறுகளின் கடைசியில் நர்ஸாக இந்த நாட்டுக்கு வந்தபோது அந்தப் பழக்கத்தையும் பெட்டியில் வைத்துத்தான் கொண்டுவந்தேன்.

என் மகள் அனுபமாவுக்கு ஏழு வயதானபோது அவளுடைய வகுப்புத் தோழி விளையாடக் கூப்பிட்டாள். இன்னொரு வீட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முன் அங்கே துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டுக்கொள் என்று கூட வேலை பார்ப்பவள் சொல்லியிருந்தாள். நம் ஊரில் நாய் இருக்கிறதா என்று கேட்பதைப்போல. தோழியின் அம்மா டோனாவின் வாசலில் நின்று, நாக்கு குழற, அதைக் கேட்டேவிட்டேன். டோனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கவலையே படாதே, ஹனி. மூன்று இருக்கிறது. உன் பொண்ணு இங்கே ரொம்பப் பத்திரம்" என்றாள். காவலுக்குத் துப்பாக்கி இல்லாமல் போய்விடுமோ என்று நான் பயப்படுவதாக அவள் நினைத்துவிட்டாள். அவள் முகத்தில் இருந்தது உண்மையான அன்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அனுவுக்குத் தலைவலி என்று பொய் சொல்லித் திருப்பி அழைத்து வந்துவிட்டேன்.

அடுத்த வருடம் எங்கள் அடுக்குமாடி வீட்டின் கார் நிறுத்துமிடத்தில் இரண்டு இளைஞர்களுக்குள் சண்டை. ஒரு காரை எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம். ஒருவன் சுட்டான், குண்டடிபட்டவனை எங்கள் அவசரப் பிரிவுக்குத்தான் கொண்டுவந்தார்கள். அவன் சட்டையைக் கத்தரித்தது நான். பிழைக்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்து என் கணவர் சேகரும் நானும் நெடுநேரம் பேசினோம். அனுவை மட்டாஞ்சேரியில் என் அண்ணன் முருகன் வீட்டில் விட்டுப் படிக்கவைப்பது என்று முடிவாயிற்று. அண்ணன் பள்ளிக்கூட விண்ணப்பத்தை வாங்கி வைத்திருந்தார். மே மாதக் கடைசியில், அனுவுக்கு விடுமுறை என்று மட்டும் சொல்லி, அவளைக் கூட்டிக்கொண்டு புறப்பட்டேன்.

அண்ணனுக்கும் நகரசபையில்தான் வேலை. பத்திரிகையில் வந்த ஒரு பட்டியலை வெட்டிப் பத்திரமாக மடித்து வைத்திருந்தார். எந்த நாட்டில் துப்பாக்கிச் சட்டம் எப்படி, லட்சம் பேருக்கு எத்தனை கொலை என்று நாடுவாரியாகப் போட்டிருந்தது. அமெரிக்காவுக்கு நேரே சிவப்பு மையில் கோடு போட்டிருந்தார்.

"எடீ சாந்தி, இங்க தோக்குக்கு லைசென்ஸ் எடுக்கணும்னா ஒரு ஆளோட ஆயுசு போதாது. எலக்‌ஷன் வந்தா இருக்கிற தோக்கையும் ஸ்டேஷன்ல கொண்டு குடுக்கணும். குட்டிய இங்க விட்டுட்டு நிம்மதியா போ."

"கொட்டேஷன் ஆளுங்க இருக்காங்களே அண்ணே?" என்றேன். காசு வாங்கிக்கொண்டு ஆளை வெட்டுகிறவர்களுக்குக் கொச்சியில் அப்போது அதுதான் பெயர், ஏதோ வீட்டுக்கு வெள்ளையடிக்க விலை கேட்பதைப்போல.

"அது அவங்களுக்குள்ள. பின்னே, கத்தின்னா அவன் கிட்ட வரணும்லா? ஓடலாம்."

அதில் உண்மை இருந்தது. நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது கிடங்குத் தெருவில் இரண்டு சுமைதூக்கிகள் சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். அன்றும் தள்ளுவண்டியை எங்கே நிறுத்துவது என்பதுதான் விஷயம். ஒருவன் வெட்டுகத்தியை வீசினான், மற்றவன் தோளில் வெட்டுடன் ஓடித் தப்பினான். மழைக்காலம் முடிவதற்குள் இருவரும் ஒரே கடையில் சாயா குடித்தார்கள். கோபம் அதே கோபம்தான். டெக்சாஸில் அந்தப் பையனுக்கு ஓட நேரம் கிடைக்கவில்லை.

ஆனாலும் அண்ணனுடைய பட்டியலை நான் நம்பவில்லை. காரணம் வெளியே யாருக்கும் தெரியாது, இப்போது எழுதிவிடுகிறேன். நான் நர்சிங் படித்துக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மூன்று வீடு தள்ளியிருந்த ஒரு புதுப்பெண்ணைத் தீக்காயத்தோடு கொண்டுவந்தார்கள். ஸ்டவ் வெடித்தது என்றார் அவள் கணவர். அவள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "ஸ்டவ் இல்லக்கா" என்றாள். இரண்டே சொல். எனக்கு மேலே இருந்தவர் எழுதச் சொன்னதைத்தான் நான் பதிவேட்டில் எழுதினேன். ஸ்டவ் விபத்து. அவள் இறந்தாள். எந்த நாட்டின் எந்தப் பட்டியலிலும் அவள் கொலையாக எண்ணப்படவில்லை. எண்ணாமல் விட்ட கை என்னுடையது. டெக்சாஸிலும் அப்படித்தான், தன்னைத்தானே சுட்டுக்கொண்டு வருகிறவர்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன், அவர்கள் கொலைக் கணக்கில் வருவதில்லை. எண்களை அடுக்கி நாடுகளை ஒப்பிடுகிறவர்களைப் பார்த்தால், எதை விட்டுவிட்டீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது. அண்ணனிடம் கேட்கவில்லை. பட்டியலை மடித்துத் திருப்பிக் கொடுத்தேன்.

பள்ளியில் விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டிய நாளன்று காலை, நல்லபடியாக நடக்கட்டும் என்று திருப்பூணித்துறைக்கு அப்பால் ஒரு பகவதி கோயிலுக்குப் போனோம். நானும் அண்ணனும் அனுவும், அண்ணன் மகள் ரம்யாவும். கேரளத்துக் கோயில்களில் வெடி வழிபாடு என்று ஒன்று உண்டு. பேரையும் நட்சத்திரத்தையும் சொல்லி ரசீது வாங்கினால், மைக்கில் அதைப் படித்துவிட்டு, இரும்புக் குழாயில் இடித்து அடைத்த வெடிமருந்துக்குத் தீ வைப்பார்கள். அந்தச் சத்தத்தில் கெட்டதெல்லாம் விலகிவிடும் என்று நம்பிக்கை. மகளுக்காக மூன்று வெடிக்கு ரசீது வாங்கினேன். அனுவிடம் முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தேங்காய் உடைப்பதை யாராவது முன்கூட்டிச் சொல்வார்களா?

"அனுபமா, திருவாதிர நட்சத்ரம், வெடி வழிபாடு மூணு" என்றது மைக். அனு தன் பெயரைக் கேட்டு நிமிர்ந்து பார்த்தாள். முதல் வெடி வெடித்தது. ஆலமரத்துக் காகங்கள் எல்லாம் ஒரேயடியாகக் கிளம்பின. நான் கும்பிட்ட கையை இறக்கிப் பார்த்தபோது பக்கத்தில் அனு இல்லை.

கவுண்டரின் பின்சுவரோரம் தரையோடு தரையாகக் கிடந்தாள். ரம்யாவையும் இழுத்துக் கீழே போட்டு, அவள் வாயைத் தன் உள்ளங்கையால் பொத்தியிருந்தாள். துப்பாக்கியோடு யாராவது புகுந்தால் என்ன செய்வது என்று டெக்சாஸ் பள்ளியில் வருடத்துக்கு இரண்டு தடவை கதவைப் பூட்டி விளக்கை அணைத்துச் சொல்லிக்கொடுத்த பாடம். ரம்யா அந்தக் கைக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சாமிக்கு விடற வெடி மோளே, பேடிக்காதே" என்றார் அண்ணன்.

அனு அவரைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும், அது என்னுடையது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: "அந்த ஆள் என் பேரைச் சொன்னாரும்மா. அப்புறம்தான் சுட்டாங்க."

அந்த விண்ணப்பம் கையெழுத்தில்லாமல் என் கைப்பையிலேயே டெக்சாஸ் திரும்பியது. டெக்சாஸ் பத்திரம் என்று நான் முடிவு கட்டியதாக யாரும் நினைக்க வேண்டாம். இன்றும் அனு பள்ளியிலிருந்து வந்து சேரும்வரை கடிகாரத்தையும் வாசலையும் மாறி மாறிப் பார்க்கிறேன். மட்டாஞ்சேரியில் அவளுக்கு எல்லாரும் இருந்தார்கள், அவள் தரையில் விழும்போது சிரிக்காமல் அவளோடு சேர்ந்து விழ மட்டும் ஒரு ஆள் இல்லை. அண்ணனுக்கு இன்னும் என்மேல் வருத்தம்.

அன்று இரண்டாவது வெடி வெடித்தபோது நானும் கீழே கிடந்தேன். எப்போது விழுந்தேன் என்று தெரியவில்லை. பிறந்ததிலிருந்து நான் கேட்டு வளர்ந்த சத்தம் அது. பட்டுப்புடவையில் மணல், கைக்குள் அனுவின் தலை. அவள் இதயம் அடிப்பது என் மணிக்கட்டில் தெரிந்தது.

"மூணுன்னு சொன்னாரு. ரெண்டுதான் ஆச்சு" என்றாள் அனு.

நாங்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. ரம்யா எப்போதோ எழுந்துவிட்டிருந்தாள். எங்கள் தலைமாட்டில் நின்று, காதுகளைப் பொத்தியபடி, வாயெல்லாம் சிரிப்பாக மூன்றாவது வெடிக்குக் காத்திருந்தாள்.