கல்யாணத்துக்குப் போய் வந்த தாடை

தாடை ஓப்பரேசனுக்குப் போகிறேன் என்று தேயிலைத் தோட்டத்தில் யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றது நான்தான். என் கணவர் சொல்லிவிடலாம் என்றார். அவர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறவர். விடை சரியாக இருந்தாலும் வழியை எழுதிக் காட்டாவிட்டால் புள்ளி போடமாட்டார். நான் லுணுகலையில் ஒரு பாமசியில் வேலை செய்கிறவள். மருந்து வாங்க வருகிறவர்கள் படியில் நின்று அடுத்தவர் நோயைப் பற்றி என்னவெல்லாம் பேசுவார்கள் என்பது எனக்குத்தான் தெரியும். ஆகவே கண்டியில் ஒரு கல்யாணம், பத்து நாளில் வந்துவிடுவோம் என்று லயத்து வரிசை வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டு பஸ் ஏறினோம்.

என் கீழ்த் தாடை மேல்தாடையை முந்திக்கொண்டு நிற்கும். முன்பற்கள் ஒன்றையொன்று தொட்டதே கிடையாது. ஒரு ரொட்டியைக் கிழித்து மென்று முடிப்பதற்குள் மற்றவர்கள் கை கழுவி, தேத்தண்ணி குடித்து, என்னைப் பற்றிப் பேசவும் ஆரம்பித்திருப்பார்கள். காதடியில் வலி, அதோடு தலைவலி. எலும்பை வெட்டிப் பின்னால் தள்ளி, தகடு வைத்து ஆணி அடித்தால் சரியாகும் என்றார் டொக்டர். அழகுக்காக இல்லை என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். முப்பத்திரண்டு வயதில் ஒரு போட்டோவிலாவது பக்கவாட்டில் திரும்பி நிற்க ஆசைப்படுவது குற்றம் என்றால், நான் குற்றவாளிதான்.

திரும்பி வந்த நேரம்தான் கெட்ட நேரம். த்ரீவீலர் தோட்டத்துக்குள் நுழைந்தபோது பின்னேரக் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்தார்கள். கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் ஒரு நூறு பேராவது நின்றிருப்பார்கள். முகம் பூசணிக்காய் அளவுக்கு வீங்கி, கழுத்து வரை பச்சையும் மஞ்சளுமாக, கன்னத்தைச் சுற்றித் துணி கட்டி உட்கார்ந்திருந்தேன். மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சின்னச் சின்ன ரப்பர் வளையங்களால் பூட்டியிருந்தார்கள். ஆறு வாரத்துக்கு வாயைத் திறக்கக்கூடாது. பள்ளத்தில் த்ரீவீலர் குலுங்கும்போதெல்லாம் என் கணவர் என் கையை இறுக்கிப் பிடித்தார். அன்பாகத்தான் பிடித்தார். மடுவத்திலிருந்து பார்த்தவர்களுக்கு அது வேறு மாதிரித் தெரிந்திருக்கிறது.

கல்யாணத்துக்குப் போனவள் உடைந்த தாடையோடு வருகிறாள். வழியை எழுதிக் காட்டாமலே முழுத் தோட்டமும் விடைக்கு வந்துவிட்டது.

நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக்கூடாது என்பதில் எங்கள் ஆட்கள் கெட்டி. ஒரு கிழமைக்குள் வீட்டில் கிறீம் கிரேக்கர் பிஸ்கட் மட்டும் பதினாலு பைக்கட் சேர்ந்தது. ஒருவர் முறுக்கு கொண்டுவந்தார். இன்னொருவர் கொண்டுவந்தது வறுத்த கச்சான் கடலை அரைக் கிலோ. வாய் பூட்டியிருக்கிறது என்று சைகையில் காட்டினேன். "பரவால்ல புள்ள, மெதுவா சாப்பிடு" என்றார். நானோ ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சியில் கஞ்சித் தண்ணியை உறிஞ்சி, கன்னத்துக்கும் பல்லுக்கும் நடுவில் விட்டுக்கொண்டிருந்தேன். கீழுதடு மரத்துப்போயிருந்ததால் பாதி கழுத்தில் வழியும், அதுவும் எனக்குத் தெரியாது. என் கணவர்தான் துடைத்துவிடுவார். ஒரு நாள், நான் ரொட்டிக்கு ஏங்குகிறேன் என்று, ரொட்டியையும் சம்பலையும் வெறுந்தேத்தண்ணி ஊற்றி கிரைண்டரில் அடித்து, வடிகட்டிக் கொண்டுவந்தார். அதைக் குடித்த பிறகுதான், இவர் என்னை அடித்ததாகவே சொல்லித் தொலைக்கலாமோ என்று ஒரு நிமிஷம் யோசித்தேன்.

வந்தவர்கள் எல்லோரும் முதலில் என்னைப் பார்ப்பார்கள், பிறகு அவரைப் பார்ப்பார்கள், பிறகு தரையைப் பார்ப்பார்கள். விஷயம் எனக்கு விளங்க மூன்று நாள் ஆனது. விளங்கியதும் ஒரு கொப்பியை எடுத்துப் பெரிய எழுத்தில் எழுதி, கொழுந்து எடுக்கிற ஓர் அக்காவிடம் நீட்டினேன்.

"கண்ணாடி இல்லாம வந்துட்டேன். மாஸ்டர், நீங்களே வாசிச்சுச் சொல்லுங்க" என்றார் அக்கா.

என் கணவர் கொப்பியை வாங்கி, தொண்டையைச் செருமி, வகுப்பில் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார்: "என் கணவர் என்னை அடிக்கவில்லை. இது டொக்டர் செய்த ஓப்பரேசன்."

அக்கா என்னை அப்படியொரு இரக்கத்தோடு பார்த்தார். போகும்போது என் தலையைத் தடவிவிட்டு, "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம்" என்று காதோடு சொன்னார்.

ஆஸ்பத்திரியில் ஓப்பரேசன் விவரம் எழுதிக் கொடுத்த காட்டை, அந்த மடித்த அட்டையை, எடுத்து நீட்டினோம். அது இங்கிலீசில் இருந்தது. தோட்டத் தலைவர், தொழிற்சங்கத்துக்கும் கோயிலுக்கும் அவர் ஒருவரேதான் தலைவர், அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். "மாஸ்டர் படிச்சவரு. படிச்சவங்களுக்குக் காட்டு எடுக்கிறது ஒரு வேலையா?" என்றார். பிறகு முக்கால் மணி நேரம் பெண்களின் பெருமை பற்றிப் பேசினார். பொம்பள மேல கை வைக்கிறவன் ஆம்பளையே இல்லை என்று அவர் சொன்னபோது கூட வந்த இரண்டு கமிட்டிக்காரர்களும் ரொம்ப உருக்கமாகத் தலையாட்டினார்கள். சம்பள நாளில் பொழுது சாய்ந்தால் எங்கள் லயங்களில் கேட்கிற சத்தத்துக்கு யாரும் இப்படிக் கமிட்டியோடு வந்து நான் பார்த்ததில்லை. அதெல்லாம் குடும்ப விஷயம். என் கணவர் குடிக்காதவர், சத்தம் போடாதவர், திருப்பிப் பேசாதவர். அப்படி ஒருவருக்குப் புத்தி சொல்லக் கிடைத்த வாய்ப்பை யாருக்கும் விட மனம் வரவில்லை.

பிறகு பெயர் போடாத பெட்டிசம் போனது. எங்கள் பக்கத்தில் தபாலில் கடிதம் வருகிறதோ இல்லையோ, பெட்டிசம் போய்ச் சேர்ந்துவிடும். பள்ளிக்கூடங்களை மேற்பார்க்கிற கல்விக் கந்தோருக்குப் போனதில் என் கணவர் தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியின் பிடியால் என் முகத்தில் அடித்ததாகவும், நான் கதறியது அடுத்த டிவிசன் வரை கேட்டதாகவும் எழுதியிருந்தது. தமிழ் நன்றாக இருந்தது, ஒற்றுப்பிழைகூட இல்லை. கீழே 'உண்மையை விரும்பும் பெற்றோர்' என்று போட்டிருந்தார்கள். விசாரிக்க வந்த உத்தியோகத்தர் காட்டை வாசித்தார், என் வாய்க்குள் இருந்த ரப்பர் வளையங்களைப் பார்த்தார், ஐந்து நிமிஷத்தில் விசாரணைக் கோவையை மூடினார். தேத்தண்ணி குடித்துவிட்டு, எங்கள் பிஸ்கட்டில் இரண்டு பைக்கட்டையும் கொண்டுபோனார். நாங்கள்தான் வற்புறுத்திக் கொடுத்தோம்.

கந்தோர் மூடிய விஷயத்தைத் தோட்டம் மூடவில்லை. என் கணவர் பின்னேரங்களில் தோட்டத்து மண்டபத்தில் சாதாரண தரச் சோதனை எழுதப்போகிற பிள்ளைகளுக்கு இலவசமாகக் கணக்கு வகுப்பு நடத்துவார். எங்கள் தோட்டத்தில் கணக்கில் பாஸ் பண்ணியவர்கள் எல்லோரும் அந்த மண்டபத்தில் உட்கார்ந்து எழும்பியவர்கள்தான். முதலில் பெண் பிள்ளைகள் வராமல் நின்றார்கள். அடுத்த கிழமை ஆண் பிள்ளைகளும் நின்றார்கள். சோதனைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. அவர் அப்படியும் தினமும் போய், பலகையில் தலைப்பு எழுதி வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் இருந்துவிட்டு வருவார். வாசலில் வைத்து எனக்குக் கஞ்சி தருவதை நிறுத்தினார். ஆட்கள் பார்க்கிற இடத்தில் என்னைத் தொடுவதையே விட்டுவிட்டார். ஒரு நாள் இடமாற்றப் படிவத்தை நிரப்பி மேசையில் வைத்திருந்தார். கையெழுத்து மட்டும் பாக்கி.

"புள்ளைங்க நமக்காக வரலன்னா பரவால்ல. ஆனா சோதனையில கோட்டை விட்டுருவாங்க. வேற மாஸ்டர் வந்தா வருவாங்கதானே" என்றார்.

எனக்குக் கோபத்தில் தாடை துடித்தது, துடித்ததும் வலித்தது. கல்யாணப் பொய் என்னுடையது. அதற்குத் தண்டனை அவருக்கு. என் பக்கவாட்டுப் போட்டோவின் விலை அந்த மனுசனின் பெயர் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. வாயைத் திறக்காமல் அழுவது கஷ்டம், மூக்கு அடைத்துக்கொள்ளும்.

இந்தக் காலம் முழுக்க அவரைச் சந்தேகிக்காத ஒரே ஆள் என் அம்மா. அப்பா எட்டு வருஷத்துக்கு முன்னால் தவறிவிட்டார். அவர் தோட்டத்து லொறி டிரைவராக இருந்தவர், பிள்ளைகள் எங்களை அதட்டிக்கூடப் பேசாதவர். அவருக்குப் பிறகு அம்மா மொனராகலையில் என் தம்பியோடு இருந்தார். ஓப்பரேசனை அவரிடமும் நான் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சுகமில்லை என்று மட்டும் கேள்விப்பட்டு, நாங்கள் திரும்பி வந்த நாலாம் நாள் அவர் வந்து இறங்கினார். வரும் வழியில் பஸ்ஸிலேயே யாரோ கதையை முழுசாகச் சொல்லியிருந்தார்கள். வந்தவர் பையைக்கூட இறக்கவில்லை. என்னை வாசலுக்குக் கூட்டிப்போய், நாடியைப் பிடித்து முகத்தை வெளிச்சத்தில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். பிறகு மருமகனிடம், "தம்பி, கஞ்சிக்குப் பச்சரிசி இருக்கா?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனார். ஒரு கேள்வி கேட்கவில்லை. 'பாருங்க, எங்க அம்மா ஒருத்திதான் உங்கள நம்புறாங்க' என்று என் கணவருக்குக் கொப்பியில் எழுதிக் காட்டினேன். எனக்குப் பெருமையாக இருந்தது.

ஆறு வாரம் முடிந்து ரப்பர் வளையங்களைக் கழற்றினார்கள். வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் திறந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் தலைவர் மண்டபத்தில் பெற்றோர் கூட்டம் வைத்தார். விசாரிக்க அல்ல, மன்னிக்க.

"மாஸ்டர் நல்லவரு. ஏதோ ஒரு தடவ கை நீண்டுருச்சு. நாங்க போயிப் பேசினதுக்குப் பொறகு இன்னிக்கு வரைக்கும் அந்தப் புள்ள மேல ஒரு கீறல் இல்ல. இனிமே நடக்காதுன்னு மாஸ்டர் ஒரு வார்த்த சொல்லிட்டா, புள்ளைங்கள நாளைக்கே வகுப்புக்கு அனுப்பிருவோம்" என்றார்.

ஆண்கள் கை தட்டினார்கள். என் கணவர் எழுந்து நின்றார். சொல்லிவிடுவார் என்று எனக்குத் தெரிந்தது. பிள்ளைகளின் சோதனைக்காக அந்த மனுசன் செய்யாத குற்றத்தையும் ஒத்துக்கொள்வார். நான் முந்திக்கொண்டு எழும்பினேன். ஆறு வாரமாக மனதில் எழுதி எழுதி அழித்த பேச்சு. தலைவருக்கென்றே அதில் நாலைந்து நல்ல வசனம் வைத்திருந்தேன். வாயைத் திறந்தால் கொழகொழவென்று என்னமோ வந்தது, கூடவே எச்சிலும் வந்தது. ஒரு சொல்லும் விளங்கவில்லை. "பாவம், இன்னும் பயம் போகல" என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அப்போது அம்மா எழுந்தார். சபையில் பேசிப் பழக்கமில்லாதவர். சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, தலைவரைப் பார்க்காமல், பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தைப் பார்த்துப் பேசினார்.

"எம் மருமகன் அடிக்கல. நான் வந்த அன்னிக்கே வெளிச்சத்துல பாத்தேன். எம் மக மூஞ்சி ரெண்டு பக்கமும் ஒரே அளவா வீங்கி இருந்துச்சு. அடிச்சா அப்படி வீங்காது. சோத்துக் கையால அடிப்பாங்க, இந்தப் பக்கந்தான் வீங்கும்." தன் இடது கன்னத்தைத் தொட்டுக் காட்டினார். "மத்தப் பக்கத்தால மென்னு சோறு தின்னுக்கலாம். இவளுக்கு ரெண்டு பக்கமும் முடியல."

பெண்கள் பக்கத்தில் தலைகள் ஆடின. "ஆமாங்க, ஒரு பக்கந்தான்" என்றார் ஒருவர். "அந்தப் பக்கத்துக் கண்ணும் செவக்கும்" என்றார் இன்னொருவர். கண்ணாடி இல்லாமல் வந்த அக்கா தன் கன்னத்தைத் தடவிக்கொண்டிருந்தார். இதெல்லாம் உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அந்த மண்டபத்தில் ஒருவரும் கேட்கவில்லை. ஆண்கள் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார்கள். தலைவர் தேத்தண்ணி வந்துவிட்டது என்று அறிவித்தார். அது வர இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

மறுநாள் பின்னேரம் வகுப்புக்குப் பிள்ளைகள் எல்லோரும் வந்தார்கள். அனுப்பியது அவர்களுடைய அம்மாமார். இடமாற்றப் படிவத்தின் பின்பக்கத்தில் என் கணவர் முக்கோணம் வரைந்து கேத்திர கணிதக் கணக்கு ஒன்று போட்டுப் பார்த்திருந்தார்.

ஆனால் அன்று கூட்டம் முடிந்து வீட்டுக்கு இறங்கியபோது எனக்குச் சந்தோஷமே வரவில்லை. என் கணவர் பின்னால் யாரோடோ பேசிக்கொண்டு வந்தார். அம்மா முன்னால் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை வருஷம் அம்மாவின் முகத்துக்கு எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டு வளர்ந்திருக்கிறேன். சாப்பிடும்போது அவர் எந்தப் பக்கத்தால் மென்றார் என்று ஒரு நாளும் பார்த்ததில்லை. கண்ணாடியில் என் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எட்டி நடந்து பக்கத்தில் போனேன். "அம்மா, அப்பாவா?" என்று கேட்டேன். அது மட்டும் தெளிவாகவே வந்தது.

அம்மா நடையை நிறுத்தவில்லை. "வாயத் தொறந்துக்கிட்டு வராத புள்ள. பனி அடிக்குது, தாடைக்கு ஆவாது" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன்.