மில் ஓடும்போது மட்டும் வாசித்த குழு

இசைக்குழுவில் பேஸ் கிற்றார் வாசிப்பவரை ஒருவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கூச்சக்காரிக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது என்று நம்பித்தான் சேர்ந்தேன். நீங்களும் எங்காவது பின்வரிசையில் நின்று நொந்தவரென்றால் மேலே விளக்கத் தேவையில்லை.

மிளகாய்

பள்ளிக்கூடத்தில் எட்டுப் பாடங்களும் முடிந்த பிறகே கூடுவோம் என்பதால் குழுவின் பெயர் ‘ஒன்பதாம் பாடம்’. சுகி பாடிக்கொண்டே கிற்றார் வாசிப்பாள், நஸ்ரின் டிரம், நான் பேஸ். இணையத்தில் கேட்டுப் பழகிய போஸ்ட்-பங்க் என்ற ரொக் வகைதான் எங்கள் இசை: பேஸ் முன்னால் நடக்கும், பாட்டு கோபத்தை அடக்கிக்கொண்டு கதைப்பதுபோல இருக்கும்.

எங்கள் ஊரான தண்ணீரூற்றில் நஸ்ரினுடைய மாமாவின் மாவரைக்கும் மில்லின் பின்னறையில் ஒத்திகை. மில் ஓடும்போது மட்டும் வாசிக்கலாம், ஊருக்குக் கேட்கக்கூடாது என்பது மாமாவின் நிபந்தனை. பிறகு பல்கலைக்கழக விடுமுறைகளிலும் அங்கேதான் தும்மியபடி வாசித்தோம். ஒருநாள் மற்ற இருவரும் வாசித்துக்கொண்டிருக்க, நான் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். மிளகாய் அரைக்க வந்திருந்த ஒரு அம்மா என் கையைப் பிடித்தா. “பிள்ளை, மாமாட்டச் சொல்லுங்கோ, மிசினுக்கை ஏதோ கழண்டு அடிபடுது.”

பஸ்

சுகிக்குக் கனடா விசா சரிவந்தது. அவள் போவதற்குள் ஒருதடவையாவது ஆட்கள் முன்னால் வாசிக்க வேண்டும். இல்லாவிட்டால் இப்படியொரு குழு இருந்ததைப் பிறகு நாங்களே நம்பமாட்டோம். பரந்தனில் ஒரு விளையாட்டுக் கழக விழாவில் இடம் கேட்டோம். செயலாளர் அண்ணா எங்கள் பாட்டொன்றைப் போனில் முழுவதும் கேட்டார். தரிப்பிடத்தில் நிற்காமல் போகும் பஸ்ஸைப் பற்றிய பாட்டு. கால் மணித்தியாலம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கேட்டார்: “தங்கச்சி, கடைசியிலையாவது அந்த பஸ்ஸை நிப்பாட்டேலாதோ?”

மேடை

நஸ்ரின் குச்சிகளை உயர்த்தினாள். உயர்த்தியபடியே இருந்தாள். மில்லின் பெல்ட்டில் ஒட்டுப்போட்ட இடம் சுற்றிவரும்போதெல்லாம் ‘டக்’ என்று சத்தம் வரும். இத்தனை வருடமும் அதை வைத்தே தாளம் பிடித்திருக்கிறோம் என்பது அப்போதுதான் விளங்கியது. மேடையில் பெல்ட் இல்லை.

சுகி ஓடினாள், நான் நடந்தேன், நஸ்ரின் இருவருக்கும் நடுவில் அந்தரப்பட்டாள். ஒவ்வொரு பாட்டையும் மூன்று பேரும் மூன்று நேரத்தில் முடித்தோம். தந்த நேரமும் முடிந்தது. முன்வரிசையில் ஒரு ஐயா மிகுந்த மரியாதையோடு எழும்பினார். “சோதிச்சுப் பாத்தது காணும் பிள்ளையள், இனித் தொடங்குங்கோ.”

வவுனியா மட்டும்

சுகியை விமான நிலையத்துக்கு ஏற்றிப்போன வான் வண்டியில் நானும் வவுனியா வரை போனேன். ‘போகாதே’ என்று மட்டும் சொல்ல முடியாது. அவளுடைய பையின் வாரை நேராக்கிக்கொண்டே இருந்தேன். நான் இறங்கும்போது அவள்தான் கதைத்தாள். “வவுனியாவும் வந்திட்டுது, இப்பவாவது வாயைத் திறவனடி.”

கந்தோர்

நஸ்ரின் திருகோணமலையில் படிப்பிக்கிறாள். நான் கண்டாவளையில் ஒரு கந்தோரில் கோப்புகளோடு வேலை. ஞாயிறுகளில் வாடகை அறையில் வாசிக்கிறேன். பக்கத்து மேசை அக்கா கேட்க ஆசைப்பட்டு வந்தா. பஸ் பாட்டின் பேஸை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். தேத்தண்ணியைக்கூடத் தொடாமல் கேட்டா. முடிந்ததும் கதவைப் பார்த்தா. “நல்லாயிருக்கு பிள்ளை. மிச்ச ஆக்கள் எப்ப வருவினம்?”

‘ஒன்பதாம் பாடம்’ இன்னும் கலையவில்லை, ஒத்திகைக்குத் தவறாமல் வரும் ஒரேயொருத்திக்குப் பாடத்தான் வராது.