ஈரக்கை அக்கா

என் அக்காவைத் தெருவில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ஈரக்கை என்றால்தான் தெரியும். சின்ன வயதிலேயே சோப்புத் தண்ணீரில் இறங்கிய கை. ஒரு உணவு விடுதியின் பின்கட்டில் பாத்திரம் கழுவுகிறாள். வீட்டுக்கு வந்தாலும் அந்தக் கை காயாது, காகிதக் கூழுக்குள் போய்விடும்.

அத்தான் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவர். ஓரத்தில் விழும் துண்டுகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவார். வசந்த விடுமுறைக்கு ஊரே பிளாஸ்டிக் பூச்சரம் தொங்கவிடும், முடிந்ததும் அது சாக்கடையை அடைக்கும். இவர்கள் மட்டும் துண்டுக் காகிதத்தை ஊறவைத்து அரைத்து, பீட்ரூட் சாறு ஊற்றி, விதை தூவிப் பூ செய்வார்கள். கூழ் பிசைவது அக்கா. இதழைக் கட்டைவிரலால் அழுத்தி எடுப்பது அத்தான், அதனால் ஒவ்வொரு இதழிலும் அவர் ரேகை விழும். விடுமுறை முடிந்ததும் தெருக்காரர்கள் ஆளுக்கொன்று வாங்கிப்போய் மண்ணில் புதைப்பார்கள். ஒன்றுகூட மிச்சம் வைக்கக் கூடாது, அது அத்தான் போட்ட சட்டம்.

காயப்போட்ட பூ பக்கம் அக்கா போனால் வீடு ரெண்டாகும்.

"ஏய், ஈரக்கையோட அதத் தொடாத! முளைச்சிடும்!"

"முளைக்கட்டுமே. உங்க மண்டையிலதான் ஒண்ணும் முளைக்கல, இதுலயாவது முளைக்கட்டும்."

"பாத்தியாடா மச்சான், உங்கக்கா வாய!" என்று வழுக்கையைத் தடவிக்கொள்வார். நான் வாயே திறக்க மாட்டேன். யார் பக்கம் பேசினாலும் அடி எனக்குத்தான்.

போன வருடம் பூக்கள் காய்ந்துகொண்டிருக்கும்போதே, அச்சகத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை.

விடுமுறைக்கு அக்கா அந்தப் பூக்களைத் தொங்கவிட்டாள். முடிந்ததும் எல்லோருக்கும் கொடுத்தாள். ஒன்றை மட்டும் பிஸ்கட் டப்பாவில் போட்டு மூடினாள்.

"எல்லாத்தையும் புதைக்கணும்னு அத்தான் சொல்வாரேக்கா."

"அவரையே புதைச்சாச்சு. இத ஒண்ண விட்டுடுடா."



வேலை முடிந்து வந்ததும் கையைத் துடைக்காமலே டப்பாவைத் திறப்பாள். அவர் ரேகை விழுந்த பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கை ஈரமாக இருக்கிறதே என்று சொல்ல நாக்கு நுனிவரை வரும். சொன்னால் அத்தான் குரல் மாதிரி கேட்குமே என்று விழுங்கிவிடுவேன்.

பிறகு காய்ச்சலில் ஒரு வாரம் படுத்துவிட்டாள். எழுந்ததும் டப்பாவைத்தான் கேட்டாள். எடுத்துக் கொடுத்தேன்.

இதழெல்லாம் பிளந்திருந்தது. நூல் மாதிரி வெளுத்த முளைகள் வெளிச்சம் தேடி மூடிவரைக்கும் நீண்டு, வழியில்லாமல் அங்கேயே சுருண்டு செத்திருந்தன. மேலெல்லாம் பூஞ்சை. ரேகை இருந்த இடம் எது என்றே தெரியவில்லை.

அக்கா அழவில்லை. கையை மடியில் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"சொன்னாருல்லடா," என்றாள். "தொடாதன்னு எத்தன தடவ சொன்னாரு."